"சொந்தக் காரணங்களுக்காக" என்று கையெழுத்துப் போடாதீர்கள்

கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம்) பிஎஃப் என்கிற வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு, இரண்டுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதாவது, எனக்குக் காசு கொடுப்பவர்கள் முதலாளிகள். இருந்தாலும் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு அக்கா மஞ்சப்பையோடு வந்தார். ஒரே ஆபீஸில் பதினொரு வருஷ வேலை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "லைட்டரு வந்து பொழப்பக் கெடுத்திருச்சு தம்பி. ஆபீஸ மூடுறாக. இதுல கையெழுத்துப் போட்டாத்தான் பிஎஃப் வருமாம். கவர்மெண்டுல ஏதாச்சும் குடுப்பாகளா?"

லைட்டர் கெடுத்தது உண்மைதான். 2022 செப்டம்பரில் அன்றைய தமிழக முதல்வர் லைட்டரைத் தடை செய்யக் கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை போட்டார்கள். இவையெல்லாம் தொழிலைக் காப்பாற்ற. அதற்குள் வேலை போனவருக்கு என்ன?

இறக்குமதியால் வேலை போனது என்பதற்காகவே பணம் கொடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் இருந்தது. 1974 வர்த்தகச் சட்டப்படி மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டாலே விசாரிப்பார்கள். 2022 ஜூலையிலிருந்து அங்கேயும் புது மனுக்களுக்குச் சான்று கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இங்கே ஏன் வேலை போனது என்று யாரும் கேட்பதில்லை. எப்படிப் போனது என்று தாளில் எழுதியிருக்கிறது, அது மட்டும்தான் கேள்வி. ஆபீஸ் மூடியதாலோ ஆட்குறைப்பாலோ போனது என்றால் வழி உண்டு. தானாக விலகினார் என்றால் அநேகமாக எல்லாக் கதவும் மூடிவிடும்.

இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு இரண்டு திட்டங்கள். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா 2005-லிருந்து இருக்கிறது. இரண்டு வருஷமாவது சந்தா கட்டியவர், சட்டப்படியான மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தால், முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. குடும்பத்துக்கு இஎஸ்ஐ வைத்தியமும் தொடரும். என் அனுபவத்தில் இதைக் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாள், சராசரி தினக்கூலியில் பாதி. தினம் 400 ரூபாய் வாங்கியவருக்கு 18,000 ரூபாய். வேலை போய் 30 நாள் கழித்து நீங்களே விண்ணப்பிக்கலாம், முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. ஆகவே இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

இதில் 78 நாள் என்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இஎஸ்ஐ வருஷத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாளாவது சந்தா இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள மூன்று அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78. ஆர்டர் குறைந்தால் எந்த ஆபீஸும் முதல் நாளே பூட்டுவதில்லை. வாரம் ஆறு நாள் வேலை நாலாகும், மூன்றாகும். அரையாண்டுக்கு 26 வாரம். வாரம் மூன்று நாள் என்றால் சரியாக 78. அதற்கு ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. ஆகவே நாள் குறைய ஆரம்பித்ததுமே, நீங்கள் வேலைக்குப் போன நாளும் ஆபீஸ் ஏற்றிய நாளும் ஒன்றாக இருக்கிறதா என்று இஎஸ்ஐ தளத்தில் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம், எங்கள் தரப்புக் குற்றம் ஒன்று. வேலையை விட்டு நின்றவரை இஎஸ்ஐ மாதக் கணக்கில் காட்டும்போது ஒரு காரண எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டவர். 10 என்றால் ஆட்குறைப்பு. மாதக் கடைசி அவசரத்தில் யாராக இருந்தாலும் 2-ஐப் போட்டு ஏற்றிவிடுவதுதான் வழக்கம். நானே எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கு எந்த எண் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள், பரவாயில்லை.

இனி இழப்பீடு. மூடும்போது முதலாளி சொல்வது பெரும்பாலும் இது: "லைட்டர் வந்ததற்கு நான் என்னம்மா செய்வேன்? மூன்று மாதச் சம்பளம் தருகிறேன்." சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது நிஜம். முதலாளியின் கைமீறிய, தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டாது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். நஷ்டம், பணமுடை, விற்காமல் தேங்கிய சரக்கு, இவை மட்டுமே காரணம் என்றால் அது தவிர்க்க முடியாத காரணம் ஆகாது. லைட்டர் செய்தது இதைத்தானே? குடோனில் பண்டல் தேங்கியது, நஷ்டம் வந்தது. ஆகவே முழு இழப்பீடு: வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். அந்த அக்காவின் கூலி 400. பதினொரு வருஷத்துக்கு 165 நாள், 66,000 ரூபாய். மூன்று மாதக் கணக்கில், மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால், 31,200-தான். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்த விஷயம் அதிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆபீஸ் ஓடிக்கொண்டிருக்க உங்களை மட்டும் ஆட்குறைப்புச் செய்தால், முதலாளி இன்னொரு 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதிக்கு (வேலை இழந்தவர் வேறு வேலை கற்றுக்கொள்வதற்கான நிதி) கட்ட வேண்டும், அது உங்கள் கணக்குக்கு வரும்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. அதுவும் இந்த அக்காவுக்கு 66,000 வருகிறது. தொகை ஒன்றாக இருப்பதால் ஒன்றைக் கொடுத்துவிட்டு "எல்லாம் செட்டில்" என்பார்கள். ரசீதில் எதற்கான பணம் என்று எழுதச் சொல்லுங்கள்.

பிஎஃப்புக்கும் ராஜினாமாவுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசி சந்தா ஏறி இரண்டு மாதம் ஆனால், வேலையை விட்டுப் போன தேதியைத் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பது வெறும் மிரட்டல்.

வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பெண்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இஎஸ்ஐ இல்லை, பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆபீஸ் மூடினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவரோடு வேலை பார்த்த ஒன்பது பேர் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தார்கள். நகல்களை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதும் ஒரே தேதி, ஒரே வாசகம், எல்லாம் ஆபீஸ் கணக்குப்பிள்ளை கைப்பட எழுதியது. கீழே இரண்டில் பெருவிரல் ரேகை. ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் சொந்தக் காரணம் வந்திருக்கிறது. அந்தத் தாள்களை ஒன்றாகப் பின் அடித்துத்தான் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். இரண்டாவது வாய்தாவில் கணக்குப்பிள்ளை வேறு கடிதம் கொண்டுவந்தார். அதில் "ஆலை மூடல்" என்று இருந்தது.