45 சதவீதம் வென்றது, 43 சதவீதம் தோற்றது: அமெரிக்க வெகுஜனவாதம் இயங்கும் விதம்

2016 மார்ச் 8 அன்று மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு கட்சிகளும் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலை நடத்தின. ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டன் சுலபமாக ஜெயிப்பார் என்றே கருத்துக்கணிப்புகள் சொல்லியிருந்தன. ஜெயித்தவர் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். குடியரசுக் கட்சியில் ஜெயித்தவர் டொனால்ட் டிரம்ப். கார் தொழிற்சாலைகளை இழந்து நின்ற அந்த மாநிலத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: 1994-இல் அமலுக்கு வந்த, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தமும் சீன இறக்குமதியும் உங்கள் வேலையைப் பறித்துவிட்டன, வாஷிங்டன் உங்களைக் கைவிட்டுவிட்டது.

வெகுஜனவாதம் எனப்படும் பாப்புலிசம் முழுமையான ஒரு கொள்கை அல்ல. சாதாரண மக்களை மேலே இருக்கும் சிலர் ஏமாற்றுகிறார்கள் என்று அரசியலைச் சொல்லும் முறை அது. இடதுசாரிகள் சொல்லும்போது அதில் இரண்டே தரப்பு: கீழே உழைப்பவர்கள், மேலே பெரும் பணக்காரர்கள். வலதுசாரிகள் சொல்லும்போது மூன்றாவதாக ஒரு தரப்பு நுழைகிறது. மேலே இருப்பவர்கள் உங்களுக்குச் சேர வேண்டியதைக் குடியேறிகளுக்கோ, சிறுபான்மையினருக்கோ தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று கதை மாறுகிறது.

ஒரே பொருளாதார அடி இரண்டு கதைகளுக்கும் ஆள் சேர்க்கும். 2000-இல் அமெரிக்க ஆலைகளில் சுமார் 1.7 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள். 2010-இல் அது ஏறத்தாழ 1.15 கோடி. டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், சீன இறக்குமதியால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகள் பிறகு எப்படி வாக்களித்தன என்று ஆராய்ந்தார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள் தீவிர வலதுசாரிகள் பக்கம் சாய்ந்தன. சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளில் இடதுசாரி ஜனநாயகக் கட்சியினர் ஜெயிக்கும் வாய்ப்பு கூடியது. அடிபட்டுப் போனவர்கள் நடுவில் நின்ற மிதவாதிகள்.

இந்த இரண்டு கதைகளையும் ஒரே மனிதர் சொன்னதும் உண்டு. ஜார்ஜியாவின் டாம் வாட்சன் 1890-களில் மக்கள் கட்சியின் பெரும் பேச்சாளர். ரயில்வே முதலாளிகளிடமும் வங்கிகளிடமும் சிக்கித் தவித்த பருத்தி விவசாயிகளிடம், உங்களைத் தனித்தனியாகச் சுரண்டத்தான் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். அன்றைய தெற்கில் உயிருக்கே ஆபத்தான பேச்சு அது. 1892-இல் மக்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். ஆனால் வாட்சன் மிரட்டலும் மோசடியும் மலிந்த தேர்தல்களில் தோற்றார், கட்சியும் கரைந்தது. 1906-இல் அதே வாட்சன், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதாக உறுதியளித்த ஆளுநர் வேட்பாளரை ஆதரித்தார். பிறகு யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் வெறுப்பைக் கொட்டினார். 1920-இல் செனட்டராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு தரப்புக் கதைக்குப் பிளவுபட்ட மக்களை முதலில் ஒன்றுசேர்த்தாக வேண்டும். மூன்று தரப்புக் கதை ஏற்கெனவே இருக்கும் பிளவை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. இடதுசாரி வகைக்கு எப்போதும் கூடுதல் சுமை இதுதான் என்பது என் கருத்து.

எந்தக் கதை அதிகாரத்தைப் பிடிக்கும் என்பதைத் தேர்தல் விதிகளும் தீர்மானிக்கின்றன. இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அமெரிக்காவில் மூன்றாம் கட்சிக்கு இடம் மிகக் குறைவு: 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார், ஆனால் மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரை முடிவு செய்யும் எலெக்டோரல் வாக்குகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே வெகுஜனவாதி இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். 1968-க்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களால், வேட்பாளரை முடிவு செய்யும் அதிகாரம் கட்சித் தலைவர்களிடமிருந்து உட்கட்சி வாக்காளர்களின் கைக்குப் போனது. கதவு அப்படித்தான் திறந்தது.

ஆனால் இரு கட்சிகளின் கதவும் ஒரே அளவு அல்ல. 2016-இல் டிரம்ப் உட்கட்சி வாக்குகளில் சுமார் 45 சதவீதம் பெற்றார். சாண்டர்ஸ் சுமார் 43. டிரம்பை எதிர்த்த வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறின. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலப் பிரதிநிதிகள். பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே பிரதிநிதிகள் எல்லாரும் என்ற விதியும் டிரம்புக்குக் கைகொடுத்தது. தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாக்குகளை வைத்துக்கொண்டு 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டார். ஜனநாயகக் கட்சியில் வாக்கு விகிதப்படிதான் பங்கீடு. மிச்சிகனில் ஜெயித்தும் சாண்டர்ஸுக்கு ஏறத்தாழ பாதிப் பிரதிநிதிகள்தான் கிடைத்தார்கள். களத்தில் பலமான எதிராளி ஒருவரே இருந்ததால், சாண்டர்ஸை எதிர்த்த வாக்குகள் சிதறவில்லை.

விதிகள் மட்டுமே சாண்டர்ஸைத் தோற்கடித்தன என்று சொல்லிவிட முடியாது. தெற்கு மாநிலங்களின் கறுப்பின வாக்காளர்கள், முக்கியமாக முதியவர்கள், கிளிண்டனை நம்பினார்கள். தென் கரோலினாவில் அவருக்கு 70 சதவீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. வாட்சன் உடைத்த அந்த நம்பிக்கையை வெறும் பொருளாதார முழக்கத்தால் ஒட்டவைக்க முடியவில்லை. இறுதித் தேர்தலில், சாண்டர்ஸுக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் டிரம்புக்குப் போட்டதாக ஒரு பெரிய வாக்காளர் ஆய்வு மதிப்பிட்டது. டிரம்ப் மிச்சிகனை வென்ற வித்தியாசம் 10,704 வாக்குகள்.

அதன் பிறகு இடது, வலது என இரு வகை வெகுஜனவாதிகளும் ஒருவர் கோரிக்கையை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டு வட்டிக்கு 10 சதவீத உச்சவரம்பு வைப்பேன் என்று 2024 பிரசாரத்தில் டிரம்ப் சொன்னார். 2025 பிப்ரவரியில் அதற்கான மசோதாவைச் சாண்டர்ஸும், குடியரசுக் கட்சியின் வலதுசாரி செனட்டர் ஜோஷ் ஹாலியும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். வங்கி என்று வரும்போது இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். குடியேறிகள் என்று வந்ததும் பிரிந்துவிடுகிறார்கள்.