அமுச்சி ஏன் அறைந்தார்?

கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். ஒரு காலை, டயப்பர் மாற்றப்போன பெண்ணை மறதிநோய் உள்ள அமுச்சி (எங்கள் பக்கத்தில் பாட்டி) ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். விரல் தடம் பதிந்திருந்தது. மகனுக்குப் போன் செய்தேன். “எங்கம்மா ஒரு கன்னுக்குட்டியைக்கூட அடிச்சதில்லீங்களே” என்று உடைந்துபோனார்.

மறுநாள் நானும் கூடப் போய் நின்று பார்த்தேன். அந்தப் பெண் பின்பக்கமாக வந்து, “எந்திரி பாட்டி” என்றபடியே இடுப்புச் சேலையைத் தளர்த்தினாள். அமுச்சியின் கை சட்டென்று இடுப்புக்குப் போனது. அங்கே சுருக்குப்பை. வாராவாரம் சந்தையில் வெண்ணெய் விற்று, காசை அதில் பத்திரப்படுத்தி வீடு சேர்ந்தவர் அவர். நேற்று வந்த பெண்ணின் முகம் இன்று நினைவில் இல்லை. யாரோ ஒருத்தி மடியில் கைவைக்கிறாள். அடிக்காமல் என்ன செய்வார்?

இப்போது அந்தப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, “அமுச்சி, துணி மாத்திக்கலாங்களா?” என்று கேட்கிறாள். ஒடிசாக்காரப் பெண், அந்த ‘ங்க’வை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். சுருக்குப்பையை அமுச்சி கையிலேயே கொடுத்துவிடுகிறாள். வேண்டாம் என்றால், அரை மணி கழித்து மறுபடி வருகிறாள். அதற்கப்புறம் ஒரே ஒரு முறைதான் அடி விழுந்தது.

எல்லாமே இப்படிப் பேச்சில் தீராது. நேற்றுவரை சாதுவாக இருந்தவர் திடீரென்று கை ஓங்கினால், முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், தொட்டவரைத் தள்ளிவிடுவார்.

“அமைதியா இருக்க மாத்திரை குடுங்க” என்று குடும்பத்தார் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் 2008-ல் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது. அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்னும்போது மருத்துவர் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்குத் தருவார். ஏற்கெனவே தருவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சேர்க்க வரும்போது, அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கதவை உதைக்கும் பெரியவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். தோட்டத்து மோட்டாருக்கு அந்நேரம்தான் த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் என்று மகள் எழுதித் தந்த பிறகே எங்களுக்கு விஷயம் விளங்கியது. இப்போது பத்து மணிக்கு டார்ச்சைக் கையில் கொடுத்துக் கூடவே நடக்கிறோம். வராந்தா சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.