தள்ளுபடி கொடுத்தால் ஸ்பான்சர் ஆகிவிடுமா?

விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஸ்பான்சர் ஒப்பந்தங்களைப் படித்து, எதை மாற்றச் சொல்லலாம், எதில் கையெழுத்தே போடக்கூடாது என்று சொல்வது என் வேலை. இதில் டிரையத்லான் ஆட்கள் தனி ரகம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றுக்கும் பொருள் வாங்க வேண்டும், பயிற்சியாளருக்குக் கொடுக்க வேண்டும், பந்தயத்துக்கு ஊர் ஊராகப் போக வேண்டும், சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்ற அதற்கு வேறு காசு. இப்படிக் கை கடிக்கிற நேரத்தில் ஒரு நிறுவனம் "எங்கள் அணியில் சேருங்கள்" என்று மெயில் அனுப்பினால், பலர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். கையெழுத்துப் போடும் இடம் அங்கேதானே இருக்கிறது!

முதலில் அமெச்சூர்கள், அதாவது ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு வயதுப் பிரிவில் போட்டியிடுபவர்கள். இவர்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. நிறுவனத்தின் பொருட்களில் ஒரு தள்ளுபடி, நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு கூப்பன், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள 'அம்பாசடர்' என்ற பட்டம். பதிலுக்கு நீங்கள் அவர்கள் லோகோ போட்ட டிரைசூட்டை, அதாவது மூன்று பிரிவுக்கும் போட்டுக்கொள்ளும் ஒரே பந்தய உடையை, சொந்தக் காசில் வாங்கவேண்டும், மாதம் இத்தனை பதிவு போடவேண்டும், போட்டி நிறுவனத்தின் பொருளைத் தொடவே கூடாது. பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது உங்கள் பையிலிருந்து அவர்கள் பைக்குத்தான் போகிறது என்றால் நீங்கள் வாடிக்கையாளர், அதுவும் இலவசமாக விளம்பரம் செய்துகொடுக்கும் வாடிக்கையாளர். அதே தள்ளுபடி சீசன் முடிவில் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல நேரம் கிடைக்கும்.

எப்படியும் அந்த நிறுவனத்தின் ஷூவைத்தான் வாங்குவேன், நிபந்தனையும் லேசாக இருக்கிறது என்றால் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்பான்சர்ஷிப் என்று நினைத்து அதற்கேற்ற விசுவாசத்தையும் உழைப்பையும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையான ஆதரவு அமெச்சூர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காதா என்றால், கிடைக்கும். அமெரிக்காவில் எவ்ரி மேன் ஜாக் என்ற நிறுவனத்தின் பெயரில் அமெச்சூர் டிரையத்லான் அணி ஒன்று உண்டு. அந்த நிறுவனம் சைக்கிள் விற்பதில்லை, ஆண்களுக்கான சோப்பு, ஷேவிங் சாமான் விற்கிறது. இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. சைக்கிள் நிறுவனத்துக்கும் ஷூ நிறுவனத்துக்கும் உங்களைப் போல எக்கச்சக்கமான பேர் எழுதுகிறார்கள், அவர்களுடைய குவியலில் உங்கள் கடிதம் அடியில்தான் கிடக்கும். ஆனால் உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி, உங்கள் பயிற்சிக் குழுவினரே வாடிக்கையாளர்களாக இருக்கும் ஏதாவது ஒரு தொழில் என்று பார்த்தால், அங்கே போட்டி குறைவு, அவர்களுக்கு வேண்டிய ஆட்களும் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவர்கள்.

கடிதத்தில் எல்லோரும் தங்கள் நேரக்கணக்கைத்தான் எழுதுகிறார்கள், இத்தனை மணி நேரத்தில் முடித்தேன், வயதுப் பிரிவில் இத்தனையாவது வந்தேன் என்று. படிப்பவருக்கு அது புரிவதுகூட இல்லை. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான் ஓடும் ஆளை ஊழியர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசவைக்கலாம், அவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓட்டப் பயிற்சி கொடுக்கவைக்கலாம், நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளப் படங்கள் வாங்கலாம். இதில் எதைச் செய்வீர்கள் என்று எழுதுங்கள். சீசன் முடிந்ததும் என்னென்ன செய்தேன் என்று ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். யாரும் கேட்காமலே அதை அனுப்புகிறவருக்குத்தான் அடுத்த வருடமும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவதை நான் பார்க்கிறேன்.

தொழில்முறை வீரர்களின் கதை வேறு. பரிசுப் பணத்தை வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மேலே சொன்ன 3.8, 180 கிலோமீட்டர், மாரத்தான் பந்தயத்தின் பெயர்தான் அயர்ன்மேன். அதன் 2022 உலகச் சாம்பியனுக்கு 1,25,000 டாலர். 2024இல் தொடங்கிய டி100 என்ற தொழில்முறை டிரையத்லான் தொடரில் அந்த ஆண்டு ஒரு பந்தயத்தின் மொத்தப் பரிசு 2,50,000 டாலர், அதில் ஜெயித்தவருக்கு 25,000. ஆனால் முதல் சில இடங்களைத் தாண்டினால் தொகை சரசரவென்று இறங்கிவிடும், பல பந்தயங்களில் ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு ஸ்பான்சர் பணம்தான் சம்பளம். அந்தச் சம்பளம் எப்போது நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். எவ்வளவு தருகிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

வருடத்துக்கு இத்தனை பந்தயமாவது ஓடவேண்டும், தரவரிசையில் இந்த இடத்துக்குக் கீழே போகக்கூடாது, போனால் தொகை குறையும் என்று ஒரு பிரிவு இருக்கும். காலில் எலும்புக்கீறல் வந்தாலே ஒரு சீசன் போய்விடும் விளையாட்டு இது. காயம், நோய் காரணமாக ஓட முடியாத மாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். முழுதாகக் கிடைக்காவிட்டாலும் ஆறு மாதப் பாதுகாப்பையாவது கேளுங்கள்.

கர்ப்பத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் அந்த மௌனம் வீராங்கனைக்குச் சாதகமாக இருக்காது, குறைந்தபட்சப் பந்தயப் பிரிவு தானாக அவர்மேல் பாயும். தடகளத்தில் அலிசன் ஃபெலிக்ஸ் 2019இல் இதை வெளிப்படையாகப் பேசிய பிறகுதான், கர்ப்பத்தையொட்டிய 18 மாதங்களுக்குச் செயல்திறன் காரணமாகத் தொகையைக் குறைக்கமாட்டோம் என்று நைக்கி அறிவித்தது. டிரையத்லானில் செல்சி சொடாரோ குழந்தை பெற்றுச் சுமார் 18 மாதங்களில், 2022 அக்டோபரில், ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் பட்டம் வென்றார். இந்த இரண்டையும் பேச்சுவார்த்தையில் தாராளமாக எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது, பிரத்யேக உரிமை, அதாவது அந்தப் பொருள் வகையில் வேறு நிறுவனத்தோடு சேரக்கூடாது என்ற பிரிவு. சண்டை அதிகம் வருவது இங்கேதான். வெட்சூட், அதாவது நீந்தும்போது போடும் ரப்பர் உடை, விற்கும் நிறுவனம் 'ஆடைகள்' என்று எழுதிவிட்டால் உங்கள் டிரைசூட், ஓட்டச் சட்டை எல்லாம் அதற்குள் போய்விடும். பந்தயத்தில் சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லை விற்கும் நிறுவனம் 'உணவு மற்றும் பானங்கள்' என்று எழுதினால் நாளை ஒரு காபி நிறுவனம் வந்தால் கைகட்டி நிற்கவேண்டியதுதான். பொருளின் பெயரைத் துல்லியமாகப் போடுங்கள். 'எல்லாப் பந்தயத்திலும் அணியவேண்டும்' என்ற வரியையும் விடாதீர்கள். தண்ணீரின் வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் வெட்சூட்டுக்கே தடை, அனுமதித்தாலும் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் கூடாது. அதேபோல ஒலிம்பிக் பாணிப் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதி உண்டு என்பதால் அங்கே சாதாரண ரோடு பைக்தான், நீண்ட தூரப் பந்தயத்துக்கு, தனியாகக் காற்றைக் கிழித்து ஓட்டுவதற்கான டைம் டிரையல் பைக். ஒரு பைக்கை மட்டும் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அதில் ஓட்டு என்றால் எப்படி? 'பந்தய விதிகள் அனுமதிக்கும் இடங்களில்' என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும், யாரும் மறுப்பதில்லை. தேசிய அணிச் சீருடைக்கும் ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதிக்கும் இதே வரிதான் காப்பு. அந்த விதி ஒலிம்பிக் காலத்தில் வீரர்கள் விளம்பரங்களில் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் தளர்த்தப்பட்டாலும் நிபந்தனைகள் இன்னும் இருக்கின்றன.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் ஒப்பந்தங்கள் சப்ளிமென்ட் நிறுவனங்களிடமிருந்து வருபவைதான். ஊக்கமருந்து விதிகளில் உங்கள் உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது, டப்பாவில் கலப்படம் இருந்தது என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது. அமெச்சூர்களும் இதைப் படிக்கவேண்டும், வயதுப் பிரிவினருக்கும் சோதனை நடக்கிறது. நிறுவனம் தரும் பொருள் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற வெளிச் சோதனையில் தேறியிருக்கிறதா, உங்கள் கையில் இருக்கும் அதே தொகுப்பு எண் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். 'தினமும் உட்கொள்ளவேண்டும்' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். சோதனையில் மாட்டினால் ஒப்பந்தம் உடனே ரத்து என்று எல்லா நிறுவனமும் எழுதும், அது நியாயம்தான், ஆனால் காரணம் அவர்களுடைய பொருளே என்று தெரியவந்தால் ரத்து செல்லாது, நஷ்டத்தையும் அவர்களே ஏற்பார்கள் என்ற விதிவிலக்கு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு மறுக்கிற நிறுவனத்துக்குத் தன் டப்பாமேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசமாக வந்த பைக்கையும் பல நாடுகளில் வருமானமாகக் கணக்கிடுவார்கள், கணக்காளரிடம் முன்பே கேளுங்கள். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பதிவு போட்டால், அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லவேண்டும் என்ற சட்டமும் பல இடங்களில் உண்டு.

கடைசியாக முடிவுத் தேதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் உங்கள் படத்தை எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்று எழுதாமல் விட்டால் அவர்கள் வருடக்கணக்கில் பயன்படுத்துவார்கள், புது ஸ்பான்சர் அதைப் பார்த்து உங்களைத்தான் கேள்வி கேட்பார். மூன்று மாதம், அதிகபட்சம் ஆறு. வேறு நிறுவனம் தரும் தொகையை இவர்களும் தந்தால் இவர்களிடமே தொடரவேண்டும் என்ற பிரிவு இருந்தால், எத்தனை நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு கெடு போடுங்கள். கெடு இல்லாவிட்டால் புது நிறுவனம் பொறுமை இழந்து அடுத்த வீரரிடம் போய்விடும்.