பல்ப் ஹோல்டரும் அலமாரிக் காலும்

சமையல் மேடைக்குக் கீழே நிற்கும் அலமாரியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்பக்கம் மறைப்பாக இருக்கும் நீளப் பலகையைக் கழற்றினால், கறுப்புப் பிளாஸ்டிக்கில் குட்டையான கால்கள் தெரியும். பாதத்தைத் திருகினால் கால் நீளும் அல்லது குறையும். தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ரசமட்டம் சொல்ல, கால் அதற்கு இணங்கிக்கொடுக்கும். காலுக்கும் அலமாரியின் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கிண்ணத்தைப் பற்றி உலகெங்கும் எத்தனையோ காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்கள் குவிந்திருக்கின்றன. பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் அறைகலன்களின் பாதங்களுக்கென்றே ‘ஏ47பி 91’ என்று ஒரு குறியீடு உண்டு. அறைகலன் இணைப்புகளுக்கு ‘எஃப்16பி 12’ என்று இன்னொன்று.

ஒரு காலை மாட்டுவதில் அப்படி என்ன சிக்கல்? எடையைத் தாங்குவது எளிது. பலகை காலின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அலமாரியைப் பக்கவாட்டில் தள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள கால் அப்போது ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. மேலே அதைப் பிடித்திருக்கும் திருகுகளுக்கு இடையே நான்கு சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், தரையோரம் பத்து கிலோ அளவுக்கு விழும் பக்கவாட்டு விசை, ஒரு பக்கத்துத் திருகை இருபத்தைந்து கிலோ அளவுக்குப் பிடுங்க முயலும். மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திச் செய்த பலகையில் ஒருமுறை புரி பிய்ந்தால் மறுபடி பிடிக்காது. அதனால்தான் கிண்ணத்தை ஒரே ஒருமுறை பலகையில் பதித்துவிட்டு, காலை மட்டும் வேண்டும்போது கழற்றி மாட்டும்படி செய்கிறார்கள்.

இனி ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நம் வீட்டு பல்ப் ஹோல்டரைப் பார்க்கிறார். பல்பை உள்ளே அழுத்தி லேசாகத் திருப்பினால் அதன் இரண்டு முனைகளும் பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன. அலமாரிக் காலையும் அப்படியே மாட்டினால் என்ன என்று தோன்றுகிறது. செய்து பார்க்கிறார், நன்றாக இருக்கிறது, விண்ணப்பிக்கிறார். விண்ணப்பத்தின் உயிர்நாடி அதன் கடைசியில் வரும் உரிமைக்கோரிக்கை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி. எவ்வளவு நீண்டாலும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது மரபு. தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘அடிப்பலகையில் பதியும் கிண்ணமும், அக்கிண்ணத்தில் நுழைந்து திருப்பினால் பூட்டிக்கொள்ளும் இரு முனைகளையுடைய காலும் கொண்ட, அலமாரிக்குக் கால் பொருத்தும் சாதனம்.’ ஆங்கிலத்தில் சாதனம் முதலில் வந்து உறுப்புகள் பின்னால் வரிசைகட்டும். நம் மொழியில் உறுப்புகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் சாதனம் தலைகாட்டும்.

காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் சிறு மாதிரி ஒன்றைச் செய்து தர வேண்டியிருந்தது. 1836 டிசம்பரில் வாஷிங்டனில் மூண்ட தீயில் ஏறக்குறைய 7,000 மாதிரிகள் எரிந்துபோயின. அதற்குப் பிறகும் அந்த வழக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 1880இல்தான் நின்றது. இன்றைய ஆய்வாளரின் மேசையில் இருப்பவை விவரணை, வரைபடங்கள், அந்த ஒற்றை வாக்கியம். அவர் பரிசோதிப்பது வாக்கியத்தைத்தான்.

இந்தியாவில் நடைமுறை சுருக்கமாக இது: விண்ணப்பம் 18 மாதம் முடிந்ததும் வெளியிடப்படும். ஆய்வு தானாக நடக்காது, தனியே கேட்க வேண்டும். அதற்கான கெடுவை 2024 விதித் திருத்தம் 31 மாதமாகக் குறைத்துவிட்டது. பிறகு முதல் ஆய்வறிக்கை வரும். பதில் தர ஆறு மாதம். அறிக்கையைப் பிரித்ததும் பல கண்டுபிடிப்பாளர்களுக்கு முகம் வாடிவிடும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஆட்சேபங்கள் வரும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஆளில்லை.

முதல் கேள்வி, இது புதிதா? இதில் ஆய்வாளருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாக்கியத்தின் எல்லா உறுப்புகளும் ஏதாவது ஒரே பழைய ஆவணத்திலோ பொருளிலோ சேர்ந்திருக்க வேண்டும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஒட்டுப்போட்டுப் புதுமையை மறுக்க முடியாது. நம்மவர் பேராசைப்பட்டு ‘அறைகலனுக்குக் கழற்றி மாட்டும் கால்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அறைகலன் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட்டின் 1859ஆம் ஆண்டு நாற்காலியே அதை முறியடிக்கப் போதும். ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகள் போகும்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. புதிதாகவே இருக்கட்டும், துறை தெரிந்த ஒருவருக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்காதா? இந்தக் கேள்வியின் மூதாதை ஒரு கதவுக் குமிழ். 1841இல் ஹாட்ச்கிஸ் என்பவரும் கூட்டாளிகளும் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்த குமிழுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். குமிழுக்குள் வாய் குறுகி அடி அகன்ற ஒரு குழி. உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றி உறைய வைத்தால் காம்பு வெளியே வராது. அந்தக் குழி பழையது, களிமண் குமிழும் பழையது; இரண்டையும் சேர்த்தது மட்டுமே புதிது. 1851இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது திறமையான தொழிலாளியின் வேலையே தவிரக் கண்டுபிடிப்பாளரின் வேலை ஆகாது என்று தள்ளிவிட்டது. நீதிபதி உட்பரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பொருள் முன்பைவிட மலிவாகவும் நன்றாகவும் இருந்தால் போதாதா என்று கேட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிவு உண்டு. இந்தியச் சட்டமும் தொழில்நுட்ப முன்னேற்றத்தோடு ‘பொருளாதார முக்கியத்துவம்’ என்பதையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை அது விட்டுவிடவில்லை.

நம் காலுக்குத் திரும்புவோம். ஆய்வாளர் இரண்டு ஆவணங்களை எடுத்து வைக்கிறார்: திருகிப் பொருத்தும் ஒரு பழைய அலமாரிக் கால், ஒரு பல்ப் ஹோல்டர். இரண்டையும் இணைத்தால் விண்ணப்பம் வந்துவிடுகிறது என்கிறார். இங்கேதான் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் பழகிப்போன ஒரு நுணுக்கம் உதவும். துறை தெரிந்தவர் இப்படிச் ‘செய்திருக்க முடியுமா’ என்பது கேள்வி ஆகாது. விடையை அறியாத நிலையில், கையிலிருந்த சிக்கலைத் தீர்க்க இப்படிச் ‘செய்திருப்பாரா’ என்று கேட்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டால் எந்த விடுகதையும் எளிதுதானே.

ஹோல்டருக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். உள்ளிருக்கும் சுருள்வில் பல்பை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் முனைகளைக் கொக்கிபோல் வளைந்த பள்ளத்தில் உட்காரவைக்கிறது. பல்பை உள்ளே அழுத்தினால் பூட்டு விடுபடும். அலமாரிக் காலில் விசை நேர் எதிராக இருக்கிறது: மேலிருக்கும் எடையால் தரை காலைக் கிண்ணத்துக்குள் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஹோல்டரை அப்படியே நகலெடுத்தால், அலமாரி நிற்கும்போது பூட்டு விடுபட்டிருக்கும். தூக்கும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும். கண்டுபிடிப்பாளர் இதைத் தட்டுத்தடுமாறித்தான் உணர்ந்திருப்பார். பள்ளத்தின் முடிவைக் கிண்ணத்தின் ஆழம் நோக்கி மேலே வளைத்துவிட்டார். இப்போது எடை ஏற ஏறப் பூட்டு இறுகும். தூக்கும்போது கால் நழுவாமலிருக்க ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கையும் வைத்தார். வாதாடுவதற்கு ஒரு இடம் இருக்குமென்றால் அது இதுதான். ஹோல்டர் காட்டும் வழிக்கு எதிர்வழியில் போயிருக்கிறார்.

ஆனால் அவருடைய கோரிக்கையில் ‘திருப்பினால் பூட்டிக்கொள்ளும்’ என்றுதான் இருக்கிறது; பள்ளம் எந்தப் பக்கம் வளைகிறது என்று இல்லை. திருத்தலாம். ஆனால் முதலில் தாக்கல் செய்த விவரணையிலோ வரைபடத்திலோ அந்த வளைவு இருந்தால்தான் திருத்த முடியும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, தாக்கலான நாளில் ஆவணத்தில் இல்லாத எதையும் பின்னால் நுழைக்க விடுவதில்லை. ‘அதுதான் முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாதே’ என்றால் எடுபடாது. இந்த இடத்தில் விண்ணப்பத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வரைபடம்தான். எழுதியவர் மறந்ததை வரைந்தவர் பொறுமையாகக் கோடு போட்டிருப்பார். முன்மறைப்புப் பலகையை மாட்டும் கிளிப்பையும் சேர்த்துக் கோரிக்கையைக் கனமாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கிளிப் தன் வேலையைச் செய்கிறது, பூட்டு தன் வேலையைச் செய்கிறது. தெரிந்த உறுப்புகள் தனித்தனியே வழக்கமான வேலையைச் செய்யும் வெறும் சேர்க்கை கண்டுபிடிப்பாகாது என்று பிரிவு 3(எஃப்) முன்பே சொல்லிவைத்திருக்கிறது.

நம்மவரின் வரைபடத்தில் வளைவு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ‘கிண்ணத்தின் ஆழம் நோக்கி வளைந்த பள்ளம்’ என்ற சொற்கள் வாக்கியத்தில் ஏறுகின்றன. ஆட்சேபம் விலகலாம், ஆனால் உரிமையின் வேலியும் சுருங்கிவிடுகிறது. பள்ளமே இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் காலைப் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் தாராளமாக விற்கலாம்.

காப்புரிமை கிடைத்த பிறகும் அச்சம் தீராது. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்துவதற்கான சாதனம் ஒன்றுக்கு 1950களில் காப்புரிமை கிடைத்தது. அது தொடர்பான வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978இல் வந்த தீர்ப்பு, அது பட்டறையில் செய்யும் மேம்பாட்டைத் தாண்டவில்லை என்றது. அலுவலகம் முத்திரை குத்தித் தந்தது என்பதாலேயே ஒரு காப்புரிமை செல்லுபடியாகிவிடாது என்றும் சொன்னது.