குட்டி ஏன் பதினோராவது படியில் உட்கார்ந்தது?

சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. நாலு மாத லாப்ரடார் குட்டி, பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தாவித் தாவிப் பத்துப் படி ஏறும், பதினோராவதில் அப்படியே உட்கார்ந்துவிடும். கூப்பிட்டால் வாலாட்டும், வராது. ரெண்டு நிமிஷம் போனால் தானே எழுந்து மிச்சத்தையும் ஏறும். பக்கத்து வீட்டில் "கால்சியம் டானிக் ஊத்துங்க" என்றார்கள். மாமாவோ, "வேலூர் வெயிலுக்கு மனுஷனே படுத்துடுறான், நாய் என்ன பண்ணும்?" என்று முடித்துவிட்டார்.

டானிக் ஆலோசனை முழுக்கத் தப்பில்லை. பால் சோறு, தயிர் சோறு என்றே வளர்கிற குட்டிகளுக்கு எலும்பு வலுவிழந்து கால் வளைவது நிஜம்தான். ஆனால் அதில் வலி இருக்கும், தொட்டால் கத்தும், நொண்டும். இந்தக் குட்டிக்கு வலியே இல்லை. வேலை செய்தால் தளர்கிறது, ஓய்வெடுத்தால் தேறுகிறது. இப்படி இருந்தால் நரம்பையும் தசையையும் சந்தேகப்பட வேண்டும்.

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் கரண்ட் வருகிறதா, ஒயர் அறுந்ததா, ஸ்டார்ட்டர் போச்சா, மோட்டாரே புகைந்ததா என்று வரிசையாகப் பார்ப்போம் இல்லையா, நாயின் காலும் அப்படித்தான். மூளையும் தண்டுவடமும் கரண்ட், நரம்பு ஒயர், தசை மோட்டார். ஸ்டார்ட்டர் இருக்கும் இடம்தான் விசேஷம்: நரம்பின் நுனி தசையைத் தொடுவதே இல்லை, நடுவில் மிக மெல்லிய இடைவெளி. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அதைத் தாண்டிப்போய்த் தசையில் உள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். தொடர்ந்து ஓடும்போது ஒவ்வொரு தடவையும் வெளிவரும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆரோக்கியமான நாய்க்கு ஏற்பிகள் ஏராளம் என்பதால் அது தெரியாது. ஏற்பிகள் குறைவாக இருந்தால் முதல் சில அடி சரியாக வைத்து, அப்புறம் கால் மடங்கும். இதுதான் மயஸ்தீனியா. பிறவியிலேயே வருகிற வகை ஜாக் ரஸ்ஸல் போன்ற சில இனங்களில் ஒன்றரை, இரண்டு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு பாதத்தின் மேல்புறம் தரையில் படும்படி மடக்கி வையுங்கள். டைல்ஸில் வேண்டாம், வழுக்கும், கோணிமேல் வையுங்கள். சட்டென்று திருப்பிக்கொண்டால், கால் எப்படி இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போய்த் திரும்புகிறது. மடங்கியபடியே விட்டுவிட்டால் தண்டுவடத்தையோ நரம்பையோ பார்க்க வேண்டும். தசை மட்டும் கெட்ட நாய், உடம்பைத் தாங்கிப் பிடித்தால் பாதத்தைத் திருப்பிவிடும். எங்கள் குட்டி உடனே திருப்பியது.

தின்றதை வெளியே தள்ளுகிறதா என்றும் கவனியுங்கள். குமட்டி, வயிறு எக்கி எடுத்தால் வாந்தி. குனிந்ததும் சோறு அப்படியே வழுக்கிக்கொண்டு விழுந்தால் அது உணவுக்குழாய்க் கோளாறு. நமக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மட்டும்தான் கைகாலில் உள்ள வகைத் தசை, நாய்க்கோ முழுக்குழாயும் அதுதான், அதனால் இந்த நோய்கள் அங்கேயும் கைவைக்கும். சோறு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, தட்டை முக்காலிமேல் வைத்து, நின்றபடி சாப்பிட வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாயில் கைவிடாதீர்கள். ரேபிஸும் அப்படித்தான் இருக்கும். தூங்கும்போதும் ஒரே கால் தாளம் போடுவதுபோல வெட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும், அதில் கோளாறு கரண்ட் பக்கம், மூளையிலும் தண்டுவடத்திலும்.

குட்டி படியேறுவதை அக்கா மகள் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். புத்திசாலித்தனமான வேலை, ஏனென்றால் டாக்டரின் மேஜைமேல் ஏறியதும் எல்லா நாயும் பயத்தில் நன்றாகத்தான் நிற்கும். டாக்டர் அதை ரெண்டு தடவை பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் உதைத்து எழும்ப வேண்டும், அசையவில்லை. தசைச் சிதைவு நோயில் ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதி எக்கச்சக்கமாக ஏறும். கோல்டன் ரெட்ரீவரில், அதிலும் ஆண் குட்டிகளில், ஆண் குழந்தைகளுக்கு வரும் டுஷேன் தசைச் சிதைவு நோயே அப்படியே வருகிறது. எங்கள் குட்டிக்கு அந்த நொதி கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்தது. கடைசியில் மரபணுச் சோதனைதான் சொன்னது: லாப்ரடாருக்கென்றே உள்ள ஒரு தசை நோய், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால் மட்டும் தலைகாட்டும், அந்த மரபணுப் பிழையை 2005-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

மருந்து கிடையாது. ஆனால் ஒரு வயது வாக்கில் மோசமாவது பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் டாக்டர் சொன்னதுதான் மாமாவுக்கு ஏமாற்றம்: இந்த நோய்க்குக் குளிர்தான் ஆகாது, மார்கழியில் விடிகாலை நடை வேண்டாம்.