இராவணனுக்குத்தான் மறுபிறவி

"இராமர் விஷ்ணுவின் ஏழாவது மறுபிறவி." இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது? சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது. டப்பிங் தொடரில் வருகிறது. பிள்ளைகள் சமய பாடத்துக்கு எழுதும் ஒப்படையிலும் வந்துவிட்டது. இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள சீதா எலிய கோயிலில் ஓடைக்கரைப் பாறைக் குழிகளை அனுமன் பாதம் என்று காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டித் தம்பியும் மனப்பாடமாக இதையே சொன்னார். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வேனில் வந்த கூட்டம் அது. அதில் ஒரு பாட்டி கேட்டார்: "அப்ப அதுக்கு முன்னாடி விஷ்ணு செத்துப் போயிட்டாரா தம்பி?"

தம்பி, "இல்லீங்க பாட்டி, அது வந்து..." என்று இழுத்தார். அப்புறம் அசோகவனத்துக்குத் தாவிவிட்டார்.

பாட்டி கேட்டது சரியான கேள்வி. செத்தால்தானே மறுபடி பிறக்க முடியும்?

அங்கே வர வேண்டிய சொல் 'அவதாரம்'. அந்தச் சொல்லின் பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். 'அவ' என்றால் கீழ்நோக்கி. 'த்ரு' என்ற வடமொழி வேருக்குக் கடத்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் கீழே கடந்து வருதல், அதாவது இறங்குதல். தீர்த்தம் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆழ்வார் பாசுர உரைகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வரும் முன்னுரைக்கு 'அவதாரிகை' என்று பெயர். பாட்டுக்குள் இறங்கும் படி அது. சொல்லின் உயிர் இந்த இறக்கத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர், மேலே இருப்பதை விடாமலே, தன் விருப்பத்தால் கீழே வருகிறார். சாவு இதில் எந்த இடத்திலும் இல்லை.

பிறகு 'மறுபிறவி' எப்படி உள்ளே வந்தது? இரண்டு வாசல் வழியாக வந்தது என்று நினைக்கிறேன். ஒன்று ஆங்கிலம். அங்கே அவதாரத்துக்கு 'இன்கார்னேஷன்' என்றார்கள். லத்தீனில் சதை என்ற சொல்லிலிருந்து வந்தது அது; சதையுடம்பு எடுத்தல் என்று பொருள். கிறிஸ்தவர்களுக்கு அது பொருத்தமான சொல். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று யோவான் சுவிசேஷத்தில் தமிழிலேயே அழகாக இருக்கிறது. பயணிகளுக்குக் கையேடு எழுதியவர்கள் அதன் முன்னால் ஒரு 'ரீ' சேர்த்துவிட்டார்கள். அதைத் தமிழாக்கியவர் அகராதியைத் திறந்தார், மறுபிறவி கிடைத்தது, ஒட்டிவிட்டார். மூலக் கதை தன் பாட்டி சொன்ன கதைதான் என்பது அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை! இரண்டாவது வாசல் நம் ஊருக்கே உரியது. மலைநாட்டில் பௌத்தத்தின் மறுபிறப்புக் கொள்கை நம் காதில் தினமும் விழுகிறது. சிங்களத்தில் அதற்குப் 'புனருத்பத்திய' என்று தெளிவான சொல் உண்டு. பிறப்பு, இறப்பு, மீண்டும் பிறப்பு என்று வினைப்பயனால் சுழலும் சக்கரம் அது. அந்தச் சட்டத்துக்குள் திருமாலையும் மாட்டிவிட்டார்கள்.

உடனே ஒருவர் கேட்பார்: பகவத்கீதையில் கண்ணனே "எனக்கும் பல பிறவிகள் கழிந்தன" என்கிறானே? ஆமாம், நான்காம் அத்தியாயத்தில் சொல்கிறான். ஆனால் அதே மூச்சில், உனக்கும் பல கழிந்தன, நான் எல்லாவற்றையும் அறிவேன், நீ அறியமாட்டாய் என்கிறான். அடுத்த சுலோகத்திலேயே, நான் பிறப்பற்றவன், என் சொந்த மாயையால் தோன்றுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறான். இன்னொரு வேடிக்கை: கீதையில் 'அவதாரம்' என்ற சொல்லே கிடையாது.

பிறத்தல் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே "எந்நின்ற யோனியுமாய்ப் பிறந்தாய்! இமையோர் தலைவா!" என்கிறார். எதற்காகப் பிறந்தானாம்? "உயிர் அளிப்பான்", உயிர்களைக் காப்பதற்காக. நாம் வினையால் பிறக்கிறோம், அவன் அருளால் பிறக்கிறான் என்ற பேதத்தை அரை வரியில் வைத்துவிட்டார். கம்பராமாயணத்தில் இராமன் பிறக்கும் பகுதிக்குத் 'திருஅவதாரப் படலம்' என்று பெயர். உள்ளே கம்பர் "திரு உறப் பயந்தனள் திறம் கொள் கோசலை" என்று பிரசவத்தை வெளிப்படையாகவே பாடுகிறார். ஆனால் பெற்றெடுக்கப்பட்ட பிள்ளை யார்? "உலகு எலாம் உதரத்துள் பொதிந்து" வைத்திருப்பவன். ஆகவே பிறந்தான் என்று எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அந்த 'மறு'வைத்தான் பிடுங்கி எறிய வேண்டும்.

இந்தக் கதைகளில் மறுபிறவி யாருக்கு என்று புராணமே பிரித்து வைத்திருக்கிறது. வைகுண்டத்து வாயிற்காவலர் ஜயன், விஜயன் இருவரும் சனகாதி முனிவர்களைத் தடுத்து நிறுத்திச் சாபம் வாங்கினார்கள். மூன்று பிறவி எடுக்க வேண்டும் என்றாயிற்று. முதலில் இரணியாட்சனும் இரணியகசிபுவும். அடுத்து இராவணனும் கும்பகர்ணனும். மூன்றாவது சிசுபாலனும் தந்தவக்கிரனும். அவர்களை முடிப்பதற்கு வராகமாகவும் நரசிம்மமாகவும் இராமனாகவும் கண்ணனாகவும் திருமால் வந்தார். ஒரே கதையில் இரண்டு நூல் ஓடுகிறது: கீழே விழுந்தவர்கள் செத்துச் செத்துப் பிறக்கிறார்கள், அவர்களை மீட்க வருபவர் இறங்கி இறங்கி வருகிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் காவல்காரனும் எஜமானும் ஒன்றாகிவிடுவார்கள். இராவணன் பெயரில் எல்ல என்ற ஊரில் அருவி வைத்திருக்கும் நாட்டில், இராவணனுக்குரிய மறுபிறவியைத் தூக்கி இராமன் தலையில் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் பாகவதம் படித்தவர்களுக்குத்தானே தெரியும் என்று சொல்ல வேண்டாம். நம் தேயிலைத் தோட்டத்துக் கூத்துகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேதம் நன்றாகவே தெரியும். மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுகிறோம். தப்பு முழங்க, சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிகிறான். ரதியின் ஒப்பாரிக்கு லயத்து வீடுகளே அழுகின்றன. பிறகு அவனை உயிரெழுப்புகிறார்கள். கந்தபுராணக் கணக்கில் அவன் உடலின்றி மீண்டான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். பாகவதக் கணக்கில் கண்ணனின் மகன் பிரத்தியும்னனாக மறுபடி பிறந்தான். எரிந்தான், உடலை இழந்தான், பின்னொரு வயிற்றில் உடல் பெற்றான் என்றால் அது மறுபிறவிதான், சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. பொன்னர் சங்கர் கதையிலும் பாண்டவர்களே இப்படிப் பிறந்தார்கள் என்று சொல்வதுண்டு. அதுவும் மறுபிறவிக் கணக்கில் வரும். அருச்சுனன் தபசு அப்படியல்ல. பாசுபதம் கொடுக்க வரும் சிவன் வேடனாக வருகிறார், பன்றிக்காக அருச்சுனனோடு மல்லுக்கு நிற்கிறார், அடியும் வாங்குகிறார். அது அவதாரமும் இல்லை, மறுபிறவியும் இல்லை. கோலம். சைவர்கள் சிவனுக்குப் பிறப்பே இல்லை என்பவர்கள். இளங்கோவடிகளும் அவரைப் "பிறவா யாக்கைப் பெரியோன்" என்றுதான் சொல்கிறார். அதனால்தான் மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்ததைச் சிவ அவதாரம் என்று யாரும் சொல்வதில்லை, திருவிளையாடல் என்கிறோம். முருகனுக்குக் கச்சியப்பர் "ஒருதிரு முருகன் வந்தாங்கு உதித்தனன் உலகம் உய்ய" என்று பாடிவைத்தார். திருமால் அவதரித்தார், சிவன் கோலம் கொண்டார், முருகன் உதித்தார், காமன் மறுபடி பிறந்தான். இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மறுபிறவி என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

சரி, தமிழ்ச்சொல் என்ன? தனித்தமிழ் அன்பர்கள் 'தோற்றரவு' என்பார்கள். தேற்று, தேற்றரவு என்பதுபோலத் தோற்று, தோற்றரவு. இலக்கணம் சுத்தம். ஆனால் எனக்கு இந்தச் சொல் தொண்டையில் இறங்குவதில்லை. காதில் விழும்போதே 'தோற்ற அரவு' என்று பிரிகிறது. சண்டையில் தோற்றுப்போன பாம்பு! இதைச் சிரித்துவிட்டு விடலாம், பழகினால் சரியாகிவிடும் என்றும் சொல்லலாம். பொருளில் இருக்கும் ஓட்டை பழகினாலும் அடைபடாது. தோற்றம் என்றால் கண்ணுக்குத் தெரிவது. தெரிவதெல்லாம் இருப்பதல்ல, மாயத்தோற்றம், பொய்த்தோற்றம் என்று நாமே சொல்கிறோம். வைணவ ஆசாரியர்கள் அவதாரம் மெய், நடிப்பல்ல என்பதில் பிடிவாதமானவர்கள். இராமன் காட்டில் நடந்தபோது கால் உண்மையிலேயே தரையில் பட்டது என்பதுதான் அவர்களுக்கு உருக்கம். தோற்றரவு என்று சொன்னால் அந்தக் கால் தரையிலிருந்து அரை அங்குலம் மேலே மிதக்கிறது.

மலைநாட்டில் இந்த ஆபத்து இரட்டிப்பு. பேச்சுச் சிங்களத்தில் 'அவதாரய' என்றால் பேய், ஆவி. நுவரெலியாவில் இரண்டு மொழியும் பேசி வளரும் பிள்ளைக்கு 'தசாவதாரம்' என்றால் பத்துப் பேய் என்ற கிண்டல் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். அதைத் திருத்தப் போகிறவர் 'தோற்றரவு' என்று விளக்கினால், ஆமாம், பேயும் திடீரென்று தோன்றுவதுதானே என்று பிள்ளை கேட்கும். சிங்களத்திலிருந்து தமிழாக்குபவர்களுக்கும் இது கண்ணிவெடி. எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று பேய்க் கதையில் அவதாரம் என்று அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

'திருவிறக்கம்' என்று சிலர் முயல்கிறார்கள். வேருக்கு நேர் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஆசைதான். ஆனால் இங்கே இறக்கம் என்றால் வளைந்து போகும் ரோட்டு, இல்லாவிட்டால் விலை. போதாக்குறைக்கு மாரியம்மன் திருவிழாவில் 'சாமி இறங்குது' என்றால் ஒருவர் மேல் அருள் வருவது. அது வேறு விஷயம். இன்னொன்று, நம் பேச்சில் றகரமும் ரகரமும் ஒன்றாகிப்போனதால் 'இறங்கல்' என்று எழுதினால் மரண அறிவித்தல் போலக் கேட்கும்.

வினைச்சொல்லாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். "திருமால் இராமனாக இறங்கி வந்தார்" என்றால் பொகவந்தலாவைப் பாட்டிக்கும் புரியும், வேரும் கெடாது. இதைவிட எளிய வழி ஒன்றைத் திருமங்கையாழ்வார் காட்டுகிறார்: "மீனோடு ஆமை கேழல் அரி குறளாய் முன்னும் இராமனாய்த் தானாய்ப் பின்னும் இராமனாய்த் தாமோதரனாய்க் கற்கியும் ஆனான்." பத்தும் வந்துவிட்டது. பத்துக்கும் வினை ஒன்றுதான்: ஆனான். பெயர்ச்சொல் வேண்டும் என்கிற இடத்தில் 'அவதாரம்' இருக்கட்டும். கம்பன் காவியத்தில் குடியிருந்து, காலண்டரில் ஏறி, பஜனைப் பாட்டில் புழங்கிய சொல்லை வெளியே தள்ளி யாருக்கு என்ன லாபம்? தூய்மைக்காகத் தெளிவை விற்பது எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பட்டியலில் புத்தர் இல்லை என்பதையும் கவனியுங்கள். பலராமரை விட்டுப் புத்தரைச் சேர்க்கும் பட்டியல்களும் உண்டு. பாகவதமோ முதல் ஸ்கந்தத்தில் 22 பேரை எண்ணிவிட்டு, அவதாரங்கள் எண்ணிலடங்கா என்று கையை விரித்துவிடுகிறது. கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது. அங்கே விஷ்ணு பௌத்தத்தைக் காக்கும் தெய்வம். புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்றாலே பௌத்தர்கள் ஒப்பமாட்டார்கள். இறுதிப் பிறவியை முடித்துப் பரிநிர்வாணம் அடைந்தவரை 'விஷ்ணுவின் மறுபிறவி' என்று கையேட்டில் அச்சடித்தால் எப்படி இருக்கும்? ஒரே வரியில் இரண்டு சமயத்தையும் சீண்டிய பெருமை அந்த மொழிபெயர்ப்பாளருக்கு.

பத்திரிகைக்காரர்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. நடிகர் இயக்குநரானால் 'புதிய அவதாரம்'. தொழிற்சங்கத்துக்காரர் கட்சி மாறினால் 'புதிய அவதாரம்'. அவர் எங்கிருந்து இறங்கினார்? இருந்த மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குத் தாவியிருக்கிறார், அவ்வளவுதான். புதுக்கோலம், புதுவேடம் என்று பொருத்தமான தமிழ்ச்சொற்கள் கையிலேயே இருக்கின்றன. வீட்டில் எண்ணெய் வைக்காத தலையோடு வரும் பிள்ளையைப் பார்த்து "இது என்ன அவதாரம்?" என்று அம்மா கேட்பது வேறு; அந்தக் கேலிக்குள்ளே சொல்லின் பழைய கனம் இருக்கிறது.

கைபேசியில் வரும் 'அவதார்' வேறு தொல்லை. 1980களில் கணினி விளையாட்டுக்காரர்கள் எடுத்துப்போன நம் சொல், ஊரைவிட்டுப் போன பிள்ளை பெயரைச் சுருக்கிக்கொண்டு திரும்பியது போல, கடைசி மகரத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. அதை மறுபடி 'அவதாரம்' ஆக்கி, 'உங்கள் அவதாரத்தை மாற்றுக' என்று தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு உருப்படம் என்ற சொல் போதும்.