பழைய ஸ்டீரியோ கேமராவுக்கு விலை எங்கே இருக்கிறது?

பழைய மர ஸ்டீரியோ கேமராவைப் பார்த்ததும் கண்ணைப் பறிப்பது மகோகனியின் மினுமினுப்பும் பித்தளை லென்ஸ்களும்தான். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்.

ஒரே காட்சியை இரண்டு லென்ஸால் இரண்டு படமாக எடுத்து, பார்க்கும்போது ஆழம் தெரியவைப்பதுதான் ஸ்டீரியோ கேமரா. நம் கண்களுக்கு இடையே சுமார் 6.5 செ.மீ. தூரம். அதனால் ஒரே பொருளை இரண்டும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தை உணர்கிறது. 1838-ல் ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கினார். ஆரம்பத்தில் ஒற்றை லென்ஸ் கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டு படம் எடுத்தார்கள். கட்டடத்துக்கு அது சரி. நடுவில் ஒரு குதிரை வண்டி போனால் தீர்ந்தது கதை. 1850களில் மான்செஸ்டரில் ஜான் பெஞ்சமின் டான்சர் உருவாக்கியது போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் அந்தத் தொல்லையைப் போக்கின.

இரண்டு லென்ஸுக்கும் குவியத் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு படம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழும். பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிச்சம். ஆகவே லென்ஸ் குழலில் பொறித்த பெயரையும் எண்ணையும் பாருங்கள். ஒரே தயாரிப்பாளர், அடுத்தடுத்த எண்கள் என்றால் நல்ல அறிகுறி. பின்புறக் கண்ணாடித் திரையில் தூரத்துப் பொருள் ஒன்றைக் குவித்துப் பார்த்தால், இரண்டு பாதியிலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் தெளிய வேண்டும்.

அப்புறம் நடுத்தடுப்பு. ஒரு லென்ஸின் ஒளி மற்றதன் பாதியில் விழாமல் மறிப்பது அதுதான். பல கேமராக்களில் அது கழற்றக்கூடியது என்பதால் எளிதில் தொலைந்துபோகும். சாதாரணக் கேமராவின் முன்பலகையில் இரண்டு துளை போட்டு ‘ஸ்டீரியோ’ என்று விற்பவர்களும் உண்டு. தடுப்பு உட்காரும் பள்ளமோ கொக்கியோ உள்ளே இல்லாமல், துளை விளிம்பில் மரம் வெளுப்பாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

படம் பதியும் கண்ணாடித் தகடு வைக்கும் சட்டத்தில் கருங்கறை இருந்தால் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். 1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட, தகடு ஈரமாக இருக்கும்போதே படமெடுக்கும் ஈரத்தகடு முறையில் கண்ணாடியிலிருந்து சொட்டிய சில்வர் நைட்ரேட்டின் தடம் அது. உலர்தகடுகள் பரவுவதற்கு முந்தைய கேமரா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அதைச் சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பழைய மெருகு பெரும்பாலும் அரக்கு. அதை அழித்தால் மதிப்பும் இறங்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ கண்ணில் பட்டால் அது பிற்காலப் பழுதுபார்ப்பு. அந்த வகை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இந்தியா போன்ற ஈரவெப்ப நாடுகளுக்கென்று பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் தேக்கில் செய்த ‘டிராபிக்கல்’ கேமராக்கள் தனி ரகம். புழுக்கத்தில் பசை இளகினாலும் மூட்டு விடக்கூடாது என்று மூலைகளைப் பித்தளையால் கட்டியிருப்பார்கள். கட்டு குலையாமல் கிடைத்தால் இவற்றுக்குக் கூடுதல் விலை உண்டு.